திடலில் இரண்டு நாய்கள்

சிங்கப்பூரின் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் உள்ள திடலில், போன வாரம் இரண்டு பேர் தங்கள் நாய்களை ஒன்றின்மீது ஒன்று ஏவிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாயின் காதில் ரத்தம். புகார் கொடுக்க ஆதாரம் வேண்டுமே என்று நான் கைப்பேசியில் படம் பிடித்தேன். இந்த ஊரில் எல்லாரும் அதைத்தானே செய்கிறோம், வெட்கங்கெட்டவர்கள்! ஆதாரம் நன்றாகவே சேர்ந்தது. அதற்குள் காது கிழிந்துவிட்டது.

எதிர்வீட்டு முஸ்லிம் அக்கா, மின்தூக்கியில் என் நாயைக் கண்டாலே ஒதுங்கி நிற்பவர், திடலுக்குள் இறங்கி, "நிப்பாட்டுங்க! வாயில்லா ஜீவனை இப்படியா செய்வீங்க?" என்று கத்தினார். இருவரும் நாய்களை இழுத்துக்கொண்டு நழுவினார்கள்.

அக்கா திரும்பி வந்து, என் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார்.

"நீங்க நாய் வளர்க்கிறவங்க. நீங்க தடுக்கப் போவீங்கன்னுதான் இவ்வளவு நேரம் நின்னேன் லா."