வலக் கைப்பிடி

பரந்தனில் படிப்பிக்கப் போன புதிதில் ஓர் அம்மாவின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். புருசன் செத்த பிறகு தனியாக வயல் செய்தவா. மெலிந்த, உயரமான மனுசி. கிட்டப் போனால் வேப்பெண்ணெய் மணக்கும். வீட்டில் இருந்த ஒரே சாய்மனைக் கதிரையைக் கறையான் தின்னாமல் இருக்க வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் பூசுவா. கால் ஆடினால் பாலைமரத்தில் ஆப்புச் சீவி இறுக்குவா. ஆணி அடித்தால் மரம் வெடித்துவிடும் என்பா.

வலக் கைப்பிடியின் ஓரத்தை மட்டும் பூசாமல் விட்டுவிடுவா. அதில் வெள்ளையாக ஏதோ அப்பிக் கிடந்தது. கண் சரியாகத் தெரியவில்லையாக்கும் என்று நினைத்தேன். எனக்கும் கை சும்மா இராது. அவா வயலுக்குப் போன நேரம் கண்ணாடித் துண்டால் சுரண்டி, அந்த இடத்தை மினுக்கி வைத்தேன்.

வந்ததும் பெருமையாகக் காட்டினேன். "ஊத்தை கிடந்தது அம்மா, எடுத்துப்போட்டன்."

அவா விரலால் தடவிப் பார்த்தா.

"ஊத்தை இல்லை மாஸ்ரர். அவர் வெத்திலை போட்டிட்டுச் சுண்ணாம்பு விரலைத் துடைக்கிற இடம்."



"இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குள் போனா.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஓர் இடமும் விடாமல் கதிரை முழுக்க எண்ணெய் பூசினா.