இரண்டாம் கம்பியும் மூன்றாம் கம்பியும்

கைப்பேசியில் சார்ஜ் ஏறவில்லை என்று கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரப் பெண் அதைப் பிரித்து ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். அந்தப் புகை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எண்பதுகளின் நெய்வேலிக்குப் போய்விட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் ஏசி அறை. கம்ப்யூட்டர் அப்போது கர்ப்பக்கிரகம், நான் பூசாரி. மந்திரம்தான் பாதிக்கு மேல் தெரியாது.

அடுத்தடுத்த அறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் அடித்ததை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு மற்றதற்கு நடக்க வேண்டும். நடுவே நேராக ஒயர் இழுக்க மைன்ஸிலிருந்து கலியபெருமாள் வந்தார். எட்டு வருடமாகக் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். "வெள்ளிக்கிழமை மேலிடத்துல இருந்து பார்க்க வராங்க. ஓடிச்சுன்னா உன்னப் பர்மனென்ட்டுக்கு எழுதறேன்யா" என்று அவரிடம் சொன்னார் மேனேஜர்.

கலியபெருமாள் ஒயர் முனைப் பிளக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு, "எந்தக் கம்பி எதோடங்க சார்?" என்று என்னைக் கேட்டார். கம்ப்யூட்டரோடு வந்த புத்தகம் பீரோவில் உறை பிரிக்காமல் கிடந்தது.

"ரெண்டு ரெண்டோட, மூணு மூணோட. நம்பர் பிசகக் கூடாது" என்றேன், கரைத்துக் குடித்தவன் போல.

அவருக்கு அது பிடித்துவிட்டது. "அதாங்க. மைன்ஸ்ல கம்பி மாறிச்சின்னா கரி ஏத்திப் போற பெல்ட்டு பின்னால ஓடும். எங்க செட்ல ஒருத்தருக்குக் கையே பூட்ச்சி."

சோதனைக்கு எதை அனுப்பலாம் என்று கேட்டேன். "எம் பேரையே அடிங்களேன். எந்த லிஸ்ட்லயும் வரமாட்டேங்குது" என்று சிரித்தார். அடித்து அனுப்பினேன். பக்கத்து அறையில் ஒன்றும் வரவில்லை.

மூன்று நாள். ஈயத்தை உருக்கி மறுபடி வைத்தார். ஒயரையே மாற்றினார். மீட்டர் வைத்தால் ஒவ்வொரு கம்பியும் நன்றாகவே இருந்தது. "கம்பியில குத்தமில்லிங்க சார். நானும் பார்த்துக்கினேதான இருக்கேன். வூட்ல வேற சொல்லிட்டேன்" என்றார். வெள்ளிக்கிழமை வந்தவர்கள் வெற்றுத் திரையைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். மேனேஜர் அவரை மைன்ஸுக்கே அனுப்பிவிட்டார். என்னிடம் மட்டும் "வரேங்க சார்" என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அன்று மாலை புத்தகத்தைப் பிரித்தேன். இரண்டாவது பேசும் கம்பி, மூன்றாவது கேட்கும் கம்பி. இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைத்தால் இவற்றை மாற்றிப் போட வேண்டுமாம். நான் வாயை வாயோடும் காதைக் காதோடும் கட்டச் சொல்லியிருக்கிறேன். மாற்றிப் பற்றவைத்து மறுபடி அனுப்பினேன். பக்கத்து அறைத் திரையில் கலியபெருமாள் பெயர் பச்சையாக வந்து நின்றது.

மேனேஜர் ஓடி வந்தார். "பலே. என்னய்யா தப்பு?"

"கம்பியைத் தப்பாப் போட்டிருந்தது சார்."

போடச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வருடப் பர்மனென்ட் லிஸ்ட்டை அடித்து, அதே ஒயரில் அனுப்பியவன் நான்தான். கலியபெருமாள் பெயர் அதில் இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் துணிந்து, நெய்வேலிக்குப் பக்கத்து மந்தாரக்குப்பத்தில் இறங்கி அவர் ஊருக்கு வழி கேட்டேன். "அந்த ஊரா? மைன்ஸுக்கு எடுத்துக்கினாங்களே. ஆளுங்க எங்கெங்கயோ பூட்டாங்க" என்று பெட்டிக்கடைக்காரர் கை காட்டினார். அந்தப் பக்கம் பள்ளம்தான் இருந்தது. அடியில் பெல்ட் ஒழுங்காக முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.