றிஷானா போட்ட மேசை

கிண்ணியாக்காரியான றிஷானா, திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பெரிய கம்பனியொன்றில் சாதாரண எழுதுநராகச் சேர்ந்து முகாமையாளரானவர். அங்கே கிரேன், களஞ்சியம், லொறி என்று மூன்று பகுதி. மூன்றும் மூன்று இராச்சியம். கிரேன் மூட்டையைத் தூக்கினால் லொறி வந்திராது. லொறி வந்தால் களஞ்சியக் கதவு பூட்டியிருக்கும். கப்பல் சும்மா கிடக்கும். பிழை எப்போதும் அடுத்த பகுதியுடையதுதான்.

கொழும்புத் தலைமையகம் வெளியாட்களைக் கொண்டு இரண்டு தடவை திட்டம் போட்டுப் பார்த்தது. ஒன்றும் நகரவில்லை. பிறகுதான் இதைச் சீராக்கும் பொறுப்பை றிஷானாவிடம் கொடுத்தார்கள்.

"உங்கட திட்டம் என்ன?" என்று தலைமையகப் பணிப்பாளர் கேட்டார்.

"இன்னும் இல்லை சேர். வேலை செய்யிற ஆக்கள்தான் அதைப் போடவேணும்."

ஒவ்வொரு பகுதியும் தன் ஆட்களைத் தானே தெரிவுசெய்து அனுப்பியது. திங்கள்தோறும் ஒரே மேசை. ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. அதற்குப் பிறகு, தான் எதைச் செய்து கொடுக்கலாம் என்று மட்டும் சொல்லலாம்.

முதல் நாளே கிரேன் பகுதி லெஸ்லி கேட்டார். "மிஸ், கடைசியில எங்கட ஆக்களை வேலையால நிப்பாட்டத்தானே இந்தக் கதையெல்லாம்?"

றிஷானா அந்த இடத்திலேயே பணிப்பாளருக்கு அழைப்பெடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார். "ஒருத்தரையும் நிப்பாட்ட மாட்டோம் எண்டு நீங்களே சொல்லுங்க, சேர்."

அவர் கொஞ்சம் தயங்கினார். ஆனாலும் சொன்னார். லெஸ்லி கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வெவ்வேறு நேரத்தில் ஷிப்ட் மாறிவந்த மூன்று பகுதியும் இனி ஒரே நேரத்தில் மாறுவது என்று முடிவாகி, கப்பல் வந்து நிற்கும் ஒரு ஜெட்டியில் மட்டும் பரீட்சித்தார்கள். முதல் நாள் காலையிலேயே உள்ளே போகிற லொறியும் வெளியே வருகிற லொறியும் வாசலில் இறுகிக்கொண்டன. கோதுமைக் கப்பலிலிருந்து மதியம்வரை ஒரு மூட்டையும் இறங்கவில்லை.

"விட்டிடுங்க. பழையபடி நடக்கட்டும்" என்றார் பணிப்பாளர்.

"ஏலாது சேர். இந்தக் கிழமை முடியட்டும்." றிஷானா விட்டுக்கொடுக்கவில்லை.

பின்னேரம் மேசை கூடியதும் பழைய சண்டை கிளம்பியது. லொறிப் பகுதி முனீப் கிரேன்காரரைக் குற்றம் சொல்லத் தொடங்கினார்.

"முனீப் நானா, நீங்க என்ன செய்யலாம்? அதைச் சொல்லுங்க" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் றிஷானா.

முனீப் யோசித்தார். "பாதி லொறியை ஷிப்ட் மாற முந்தியே அனுப்பலாம்."

"அப்ப அடுத்த ஆள் வந்து ஏறுமட்டும் எங்கட ஆள் கிரேனை விட்டு இறங்காது" என்றார் லெஸ்லி.

களஞ்சியத்து அஞ்சலினா பின்வாசலையும் திறந்துவிடச் சம்மதித்தார்.

மறுநாள் வாசலில் நெரிசல் இல்லை. அந்தக் கப்பல் சொன்ன நாளுக்கு முன்பே புறப்பட்டது. அடுத்த வருடம் எல்லா ஜெட்டிகளும் இந்த முறைக்கு வந்துவிட்டன. முணுமுணுப்பு முற்றாக ஓயவில்லை; ஆனால் ஒருவருக்கும் வேலை போகவில்லை.

கொழும்புத் துறைமுகக் கிளைக்கும் வந்து சொல்லிக்கொடுக்கும்படி றிஷானாவைக் கேட்டார்கள்.

"நான் தனிய வந்தா அது இன்னொரு வெளியாள் திட்டமாகத்தான் போகும்" என்று சொல்லி, லெஸ்லி, முனீப், அஞ்சலினா மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு கம்பனி வான் வண்டியில் புறப்பட்டார். அங்கே யார் முதலில் பேசுவது என்று லெஸ்லியும் முனீப்பும் வழியிலுள்ள ஹபரணைவரை வாதாடிக்கொண்டு போனார்கள். றிஷானா நன்றாகத் தூங்கினார்.