என் நெல்லுக்கு அழுதவன்

வெயில், மழை, குலைநோய் மூன்றையும் தாங்குகிற விவசாயி நான்காவதாகப் பேட்டியையும் தாங்க வேண்டும். மைக் முன்னால் நின்றவர்களுக்கு இது தெரியும்.

வானொலியில் என் குரல்

பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவுவது எப்படி என்று கேட்டு, வானொலிக்காரர்கள் கல்லிடைக்குறிச்சிக்கே வந்து என் பேச்சைப் பதிவு செய்தார்கள். நாலாம் வகுப்போடு நின்றவனை 'ஐயா' என்றார்கள். ஆனால் அது ஒலிபரப்பானது, அறுப்பு மிஷின் வயலில் இறங்கிய அன்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ரேடியோவை அணைக்கப் போனேன். என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் கையைத் தட்டிவிட்டாள்.

"நாத்து அடுத்த வருசம் பாவிக்கிடலாம். கொரல் நல்லாத்தான இருக்கு, சும்மா இரிங்க!"

டிவியில் என் வயல்

வெள்ளத்தில் நெல் முங்கிய வருடம் டிவிக்காரர்கள் வந்தார்கள். அழுகிய கதிரைக் கையில் கொடுத்து அழச் சொன்னார்கள். எனக்கு வரவில்லை. எட்டிப் பார்க்க வந்த பக்கத்து வயல் சுடலைமுத்து, என் வரப்பில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். சாயங்காலச் செய்தியில் என் வயல், அவன் முகம், அவன் பெயர். ஊரே அவனுக்கு ஆறுதல் சொன்னது. டீக்கடைக்காரர் மட்டும் என்னிடம் கேட்டார்:

"உம்ம நெல்லுக்கு அவன் அழுதிருக்கான். நீரு அங்கன என்னதான் வே செஞ்சீரு?"

வாட்சப்பில் வாய்க்கால்

அன்றோடு சுடலைமுத்துவிடம் பேச்சை நிறுத்தினேன். இரண்டு வயலுக்கும் ஒரே மடை. தண்ணீர் முறை மாறினால் மடையோரம் ஒரு தென்னை மட்டையைச் செருகிவைப்போம். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

இந்தப் பிசானத்தில் கதிர் பால் பிடிக்கிற நேரம், என் வயல் வெடித்துக் கிடந்தது. என் முறைக்கு இன்னும் இரண்டு நாள். அதுவரை தாங்காவிட்டால் எல்லாம் பதர். வாய்க்கால் அடைக்கிற சேதி இப்போது வாட்சப்பில்தான் வருகிறது. என்னிடம் இருப்பதோ பட்டன் போன்.

காலையில் சுடலைமுத்து போனும் கையுமாக வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. வரப்பில் நின்ற கொக்கைப் பார்த்துச் சத்தம் போட்டான்:

"ஏ கொக்கு! நாளைக்கு வாய்க்கால அடைக்காவளாம். இன்னைக்கு என் மொறதான், ஆனா என் வயலு ஈரமாத்தான் கெடக்கு. மடைய அந்த ஆளத் தொறந்துக்கிடச் சொல்லு!"

வானொலி, டிவி, வாட்சப் எல்லாம் வந்தும் எனக்கு நேரத்துக்குச் சேதி கிடைத்தது கொக்கு வழியாகத்தான், பதிலும் அதனிடமே சொல்லிவிட்டேன், ஏனென்றால் சுடலைமுத்துவோடு நான் இன்னும் பேசுவதில்லை.