மீன் இல்லாத வெள்ளிக்கிழமைகள்

அரசாங்கக் குவாட்டர்ஸில் ரப்பர் உறை போட்ட மின்கம்பி, வளைத்தால் வெடிக்கும் நிலைக்கு வந்துவிட்டால், குடியிருப்பவர் முறையிடும்வரை காத்திராமல் இலாகா அதை மாற்றிவிட வேண்டும் என்பது விதி. அதைத் தட்டச்சு செய்தவன் நான், நம்பலாம்.

போன வாரம், இப்போது நான் இருக்கும் கட்டுகஸ்தோட்டை வீட்டில், தேநீருக்கு மின்சாரக் கேத்தலைப் போட்டதும் மீன் வாசம் எழுந்தது. வீட்டில் மீன் இல்லை. உடனே பிளக்கைப் பிடுங்கினேன். சூடேறிய பழைய கம்பி உறை சிலவேளை அப்படி மணக்கும். அதை அறிய ஒரு காலத்தில் என் ஒரே சிநேகிதத்தை இழக்கப் பார்த்தேன்.

அப்போது கண்டியில் இரண்டு வீடுகள், நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துச் சிவபாதம் ஐயா, எங்கள் அலுவலகத்துத் தலைமை எழுத்தரான பிரதம லிகிதர், மனைவியோடு. இந்தப் பக்கம் நான், கல்யாணமாகாத கத்தோலிக்கன். மாலையில் அவர்கள் வீட்டுத் தேநீர்தான் நான் யாரோடாவது பேசிக்கொண்டு குடிப்பது. வெள்ளிக்கிழமை எங்களுக்கு இறைச்சி மட்டும் விலக்கு. அவர்களுக்கு மீனும் ஆகாது. ஆகவே எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமலே நான் அன்றைக்குப் பருப்புக்கு மாறியிருந்தேன்.

ஒரு வெள்ளி மாலை ஐயா என் வாசலில் நின்றார்.

"தம்பி, இண்டைக்காவது மீன் பொரிக்காம இருக்கேலாதோ? மனுசி கோயிலுக்கு வெளிக்கிடுறா."

"இன்னிக்கு அடுப்பே பத்த வைக்கலீங்க ஐயா."

"அப்ப மகாவலி ஆத்தில இருந்து மீன் தானா நடந்து வந்ததோ?"

தேநீர் நின்றது. அலுவலகம் விட்டதும் ஐயா குடையை விரித்துக்கொண்டு முன்னால் போய்விடுவார். தின்னாத மீனுக்கு மேன்முறையீடு செய்ய எந்த விதிக்கோவையிலும் இடமில்லை. சுவருக்கு அப்பால் பாத்திரச் சத்தம் கேட்கும். என் பருப்பை நான் தனியே தின்பேன்.

பிறகொரு வெள்ளிக்கிழமை கலகெதரவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய், மறுநாள் திரும்பினேன். வாசல் கேற்றடியில் ஐயா நின்றார்.

"வீடு பூட்டிக் கிடக்க உம்மட மீன் எப்பிடித் தம்பி பொரிஞ்சது?"

"சாவிய அதுகிட்டதாங்க குடுத்துட்டுப் போனேன்."

அவர் சிரிக்கவில்லை. கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் இழுத்துப் போய், மீன் வாசம் வந்த சுவர்ப் பிளக்கைக் காட்டினார். கோயிலுக்குப் போகும் வேட்டியை அந்த அம்மா வெள்ளிதோறும் இஸ்திரி போடும் பிளக் அது. மூடியைக் கழற்றியதும் கம்பியின் ரப்பர் பிஸ்கற் தூளாக உதிர்ந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் வேட்டியோடு வீடும் எரிந்திருக்கும்.

"இருந்து தேத்தண்ணி குடியும்" என்றார். மன்னிப்பு அவ்வளவுதான், போதுமாக இருந்தது.

என் பக்கத்துக் கம்பியை மட்டும் ஓர் ஆளைப் பிடித்து என் செலவில் மாற்றினேன். குடியிருப்பவரே கைவைப்பது விதிப்படி குற்றம். அவர்கள் பக்கத்துக்கு, விதியை மேற்கோள் காட்டி விண்ணப்பம் அனுப்பினேன். பதிலுக்குக் காத்திருந்த காலமெல்லாம் வெள்ளிதோறும் இஸ்திரி என் முன்னறையில் நடந்தது. சுடுதுணி வாசமும் அந்த அம்மாவின் பேச்சும் அறையை நிறைக்கும். என் வீட்டுக்கு ஆள் வந்த காலம் அது ஒன்றுதான்.

இனக் கலவரத்துக்குப் பிறகு அவர்கள் யாழ்ப்பாணம் போனார்கள். கொஞ்சக் காலம் கடிதம் வந்தது, பிறகு இல்லை. வீடுகளையும் இடித்தாயிற்று, இப்போது அங்கே வாகனங்கள் நிற்கின்றன. கேத்தல் மணந்தாலும் சண்டைக்கு வர அடுத்த வீட்டில் யாருமில்லை.

விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் இல்லை. கம்பி மாற்ற அனுமதி உண்டு, குடியிருப்பவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அது வந்தது, அவர்கள் போன மறுவாரம், வெள்ளிக்கிழமை.