இருநூறு ரூபாய்க்கு நான் வாங்கின ரஷ்யத் தாள்

அந்தத் தாளில சிகரெட் மணமும் ஏதோ சென்ட் மணமும் கலந்து இருந்தது…
செம்மஞ்சள் நிறம். ஒரு பக்கம் சிலை. மற்றப் பக்கம் ஆத்துக்கு மேலால ஒரு நீளப் பாலம்.

நான் முதன்முதல் கையில பிடிச்ச ரஷ்யக் காசு.

யாழ்ப்பாணம் டவுனில ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ். ரிசப்ஷனில எனக்கு முதல் வேலை. அறையள் துப்பரவாக்கிறது ரெஜினா அக்கா. குருநகரில இருந்து சைக்கிளில வருவா. அவவின்ரை மனுசன் கடல் தொழில். போட் எஞ்சின் பழுதாகி, அவர் வீட்டில இருந்த நேரம்.

மூண்டு நாள் தங்கின ரஷ்யச் சோடி ஒண்டு காலமை வெளிக்கிட்டுப் போக, தலையணைக்குக் கீழ இந்தத் தாள் கிடந்ததெண்டு அக்கா கொண்டுவந்து காட்டினா.

"பிள்ளை, இது எங்கத்தைக் காசு? செல்லுமோ?"

ஐயாயிரம் எண்டு போட்டிருந்தது. சில நாடுகளில ஒரு தேத்தண்ணிக்கே ஆயிரக்கணக்கில குடுக்கோணுமாம்… இதுவும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன்.

"பெருசா வராதக்கா. பாலம் வடிவா இருக்கு, நான் வச்சிருக்கிறன்" எண்டு இருநூறு ரூபா குடுத்தன். அவவுக்குச் சந்தோசம். பேக்கரியில பாண் வாங்கிக்கொண்டு போனா.

பின்னேரம் சும்மா போனில போட்டுப் பாத்தன்.

கிட்டத்தட்ட இருபதாயிரம் ரூபா…

பிழையாப் போட்டிட்டன் எண்டு திரும்பவும் போட்டன். அதே கணக்குத்தான். என்ரை சம்பளமே அதைவிடக் கொஞ்சம்தான் கூட.

சொல்லேல்லை. ரெண்டு நாள். நான் காசு குடுத்துத்தானே வாங்கினனான் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.

மூண்டாம் நாள் அக்கா வரேக்க காதில தோடு இல்லை.

"எஞ்சினுக்கு ஈடு வச்சிட்டன் பிள்ளை" எண்டு சாதாரணமாச் சொல்லிப்போட்டு வாளியைத் தூக்கினா.

என்ரை பையைத் திறந்து தாளை எடுத்துக் குடுத்தன். பெறுமதியைச் சொன்னன். அவ அப்பிடியே படியில இருந்திட்டா.

"விளையாடாதை."

"உண்மையாத்தான் அக்கா."

"எப்ப பாத்தனீ?"

"இப்பத்தான்…"

அக்கா என்ரை கையைப் பிடிச்சு அழுதா. "வேற ஆள் எண்டால் தந்திருக்காது" எண்டா. அடுத்த நாள் என்ரை இருநூறையும் கொண்டுவந்து தந்திட்டா.

ரஷ்யக் காசு மாத்திறேல்லை எண்டு பாங்கில எடுக்கேல்லை. பிறகு வந்த ரஷ்ய கெஸ்ட் ஒருத்தர் மாத்திக் குடுத்தார். தோடு திரும்பி வந்திட்டுது.

இப்ப நான் கொழும்பில. எந்த நாட்டுக் காசெண்டாலும் கண்ட உடன போனைத் தட்டிப் பாத்திடுவன். அப்ப ரஷ்யக் காசைப் பற்றி ஒண்டும் தெரியாது… என்னைப் பற்றியும் எனக்குப் பெருசாத் தெரியாது.

போன கிழமை அக்கா கோல் எடுத்தவ. மகளுக்குச் சேர்ச்சில முதல்நன்மையாம். "நீ கட்டாயம் வரோணும், உன்னைப்போல நேர்மையான பிள்ளையா வளரோணும் எண்டு அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன்" எண்டா.

ஓம் எண்டு சொல்லியிருக்கிறன்.
போய், அந்த ரெண்டு நாளையும் அவவுக்குச் சொல்லோணும்.