ரோவிலிலிருந்து ஹோம்புஷுக்கு, ஒரு சீக்கிய ரூபாயோடு

மார்ச் இரண்டாவது சனிக்கிழமை மெல்பேர்னிலிருந்து சிட்னிக்குக் காரில் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. டண்டினொங் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் குர்தீப்பின் தங்கைக்கு அடுத்த சனி கல்யாணம். அவள் கையில் வைக்கவென்று குர்தீப்பின் அம்மா பொத்தி வைத்திருந்த பழைய சீக்கிய வெள்ளி ரூபாயைப் போலி என்று அடித்துச் சொன்னவன் நான். அன்றிலிருந்து அம்மா அதைத் தொடவில்லை. “தெரிந்த ஆளிடம் காட்டுவோம், நீயும் வா” என்றான் குர்தீப்.

என் வேலையே பொருட்களைச் சோதிப்பதுதான். எடை 11.1 கிராம், சரி. ஆனால் ஒரே காசில் இரண்டு வருடங்கள்: பெரிதாக 1884, இலைச் சின்னத்தின் அருகே பொடியாக 93. இப்படி ஒரு பாகம் என் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். உள்ளே செம்பு இருக்கும் என்று விளிம்பில் அரத்தால் ஒரு வெட்டும் போட்டேன். உள்ளேயும் வெள்ளி. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மெல்பேர்னில் நான் இருக்கும் ரோவிலில் புறப்பட்டது காலை 5.10. தூரம் 880 கி.மீ. ஒன்பதரை மணி நேரம் என்று கணக்குப் போட்டிருந்தேன். குர்தீப் ஓட்டினால் கணக்காவது ஒன்றாவது! ஆல்பரியில் தேநீர். குண்டகாயில் மறுபடியும் தேநீர். யாஸில் கால் மரத்துவிட்டதாம், அதற்கும் தேநீர். சிட்னியில் சுங்கம் கட்டிச் சுரங்கச் சாலையில் இறங்கினால் அங்கேயும் நெரிசல். பெட்ரோல் 128 டொலர். சேர்ந்தபோது மாலை 5.25.

அந்தத் தெரிந்த ஆள் நான் விசாரித்துப் பிடித்த ரெஜினா அக்கா: மன்னார்க்காரர், கணக்காளர், பழைய காசு சேர்ப்பவர். சிட்னியின் ஹோம்புஷ் ஸ்டேஷனுக்கு அருகே தோசைக் கடையில் காத்திருந்தார். நான் காசை நீட்டினேன்.

“எண்ணெய்க் கையால வெள்ளியைத் தொடக்கூடாது தம்பி. பொறும்.”

தோசை முடிந்து கை கழுவி வர முப்பத்தைந்து நிமிடம். பிறகுதான் பூதக்கண்ணாடி வெளியே வந்தது.

“ஆர் இதைப் போலி எண்டது?”

“நான்தான். ரெண்டு வருசம் கிடக்கு.”

“அதாலதான் இது நல்ல காசு. 1884 எல்லாக் காசிலயும் மாறாமல் நிக்கிற வருசம். உண்மையா அடிச்ச வருசம் 93, அதாவது 1893. ரெண்டும் விக்ரம ஆண்டுக் கணக்கு, கி.பி. எண்டால் 1836. அம்ரித்சர் காசு கனக்க இப்பிடித்தான்.”

“ஏன் அப்பிடி?”

“ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது.”

880 கி.மீ. வந்தவனுக்கு இது ஒரு பதிலா? அக்கா அசரவில்லை. நாடு பிடித்த கையோடு சீக்கியர் காசு அடித்தார்களாம். இனி ஆட்சி எங்களுடையது என்ற அறிவிப்பு அது. ஆனால் பின்னால் வந்த மகாராஜா கூடத் தன் பெயரைப் போடவில்லை. நானக், குரு கோபிந்த் சிங் என்று குருமாரின் பெயர்கள்தான், பாரசீக எழுத்தில்.

பிறகு காசைத் திருப்பி விளிம்பைப் பார்த்தார். “இந்த வெட்டுப் புதுசு. இவருக்குத் தெரியுமோ?”

குர்தீப்புக்குத் தமிழ் தெரியாது. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்லை.”

“அப்ப நீர் சொல்லும். நான் சொல்லமாட்டன்.”

ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் குனிந்து வெட்டைப் பார்த்தான். அம்மாவுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

“எழுத்தில் பட்டதா?” என்றார் அம்மா.

“இல்லை. விளிம்பில்தான்.”

“குருவின் பெயர் முழுசாக இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“அப்படியானால் சனிக்கிழமை நீயே கொண்டு வந்து என் மகள் கையில் வை. என்ன செய்தாய் என்று அவளிடமும் சொல்.”

பழைய காசு காட்டப் போகிறவர்களுக்கு: பூதக்கண்ணாடி எடுத்துப் போங்கள். காசைத் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். அரம் தொழிற்சாலையிலேயே இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு டொலரும் செலவில்லை. எனக்கு அது வரவில்லை.

ஞாயிறு காலை 6.00க்குத் திரும்பினோம். குர்தீப் தேநீருக்கு ஓரிடத்தில்கூட நிறுத்தவில்லை. ஒன்பது மணி இருபது நிமிடத்தில் ரோவில்.